நிரந்தர முகவரி என்ற நிரல்

1

இந்தக் கதை ஒற்றை வரிக் கட்டளை ஒன்றிலிருந்து வந்தது. ஓர் அட்டவணையில் இருந்த இரண்டு நிரல்களை நீக்கும்படி கணினிக்குக் கொடுத்த கட்டளை. அதைக் கொடுத்தபோது நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். 2007 மார்ச், கண்டி. காலை பதினொரு மணி. பன்னிரண்டாகவும் இருக்கலாம்.

கட்டளை ஒரு வினாடியில் முடிந்தது. அதன் பிறகு நடந்தவற்றை எழுத நான்கு முறை முயன்றேன்.

முதல் தொடக்கம்: கண்டி ஏரியின் மேல் மூடுபனி

[நிறுத்துகிறேன். எங்கள் அலுவலகத்திலிருந்து ஏரி தெரியாது. ஒரு புடவைக்கடையின் பின்சுவரும் தண்ணீர்த் தாங்கியும் தெரியும்.]

இரண்டாவது: பொலிஸ் நிலையத்தின் வாங்கில் விவேகானந்தன் உட்கார்ந்திருந்தபோது அவருடைய

[நான் அங்கே போகவில்லை. வாங்கு இருந்ததா என்றும் தெரியாது.]

மூன்றாவது: அது யுத்தம் மறுபடியும்

[எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.]

நான்காவது: படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன.

இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

2

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. மேலே தற்போதைய முகவரி. கீழே நிரந்தர முகவரி.

படிவம் கண்டியில் இருந்த ஒரு தனியார் தொழில்நுட்பக் கல்லூரியுடையது. பெயர் வேண்டாம். மாணவர், ஆசிரியர், ஊழியர் எல்லாருமாக 412 பேர். அவர்களுக்கு அடையாள அட்டை அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. நாங்கள் மூன்று பேர். முதலாளி அக்குறணை ஹுஸைன் நானா. தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டவர் றலியா ராத்தா, அவரும் அக்குறணை. தட்டச்சு செய்தவள் நான். ஊர் பன்வில. பேராதனையில் தமிழ் படித்துவிட்டு, அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்காமல் ஆறு மாதம் கணினி படித்தேன்.

[நானா என்றால் அண்ணன். ராத்தா என்றால் அக்கா. உறவு இல்லாவிட்டாலும் அப்படித்தான் கூப்பிட்டேன்.]

அட்டவணை என்றால் சதுரக்கோட்டுத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நிரை, குறுக்காகப் போகும். ஒரு விவரத்துக்கு ஒரு நிரல், மேலிருந்து கீழே இறங்கும். பெயருக்கு ஒரு நிரல், பிறந்த திகதிக்கு ஒரு நிரல். படிவத்தில் இரண்டு முகவரிக் கட்டங்கள் இருந்ததால் அட்டவணையிலும் இரண்டு முகவரி நிரல்கள்.

படிவங்களை நான்தான் தட்டச்சு செய்தேன். பெரும்பாலானோர் கீழ்க் கட்டத்தில் 'மேற்படி' என்று எழுதியிருந்தார்கள். சிலர் சின்னக் கோடுகள் இரண்டு போட்டிருந்தார்கள். சிலர் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. சிலர் 'அதே'. எல்லாவற்றையும் நான் ஒரே மாதிரி 'மேற்படி' என்று அடித்தேன். ஒழுங்காக இருக்கட்டும் என்று.

[படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அவர்கள் எழுதியதும் ஆங்கிலத்தில். 'மேற்படி' இந்தக் கதைக்காக நான் போட்ட சொல். இதையும் ஒரு மாற்றம் என்று கணக்கில் வையுங்கள்.]

அந்த ஒழுங்கு இல்லாதிருந்தால் பின்னால் வந்த விதி வேலை செய்திருக்காது. நான்கு வகையாக எழுதியிருந்ததை நான்கு வகையாகவே விட்டிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு வரவில்லை.

3

விவேகானந்தன் படம் எடுக்க வந்தார். அட்டைக்கான படங்களையும் நாங்களே எடுத்தோம். சுவரில் ஒரு நீலத்துணி, முன்னால் ஒரு கதிரை.

அவர் அந்தக் கல்லூரியில் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் பாடம் படிப்பித்தார். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் கூட. சட்டைப்பையில் ஒரு சின்னத் திருப்புளி இருந்தது. படத்தில் தெரியும் என்றேன். எடுத்து மேசையில் வைத்தார்.

"பிள்ளை, சிரிக்கலாமோ?"

"சிரிக்கக்கூடாதாம் சார். கார்டுக்கு."

"அப்ப பிரச்சினை இல்லை. பதினாறு வருசமாப் பழகியிருக்கிறன்."

கண்டிக்கு வந்து பதினாறு வருடம் என்று படிவத்திலும் இருந்தது. நிரந்தர முகவரிக் கட்டத்தில் முள்ளியவளை என்று இருந்தது. முல்லைத்தீவுப் பக்கம்.

"அங்க போய் வருவீங்களா சார்?"

"சமாதானம் எண்டு சொன்ன காலத்தில ஒருக்காப் போனனான். மதில் இருக்கு. கேற் இருக்கு. நடுவில வீடுதான் இல்லை."

"அப்ப இங்க இருக்கிற வீட்டையே நிரந்தரம்னு போடலாமே."

"அது வாடகை பிள்ளை. வாடகை வீட்டை நான் நிரந்தரம் எண்டு எழுதினது வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா மனுசன் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்திடும்."

பின்னால் றலியா ராத்தா சிரித்தார். விவேகானந்தன் என்னைப் பார்த்தார்.

"நீர் என்ன எழுதுறனீர்?"

"மேற்படிதான் சார்."

"அதுவும் சுகம்தான்," என்றார்.

[இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம். அவர் இவ்வளவு அழகாகப் பேசினாரா? அவரைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, பத்து நிமிடம். பின்னால் அவருக்கு நடந்தது தெரிந்ததால் முன்னால் நல்ல வசனங்களைக் கொடுத்துவிட்டேனா? சிடுமூஞ்சியாக இருந்திருந்தாலும் நடந்தது நடந்திருக்கும். வாடகை பற்றிய பேச்சு மட்டும் நிச்சயம். திருப்புளியும் நிச்சயம்.]

4

மார்ச் மாதம் ஹுஸைன் நானா புது இயந்திரம் ஒன்று கொண்டுவந்தார். பிளாஸ்டிக் அட்டை அடிக்கும் இயந்திரம். எல்லாருக்கும் புது அட்டை. பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது; திரும்பி வந்தவற்றை வெட்டி எறிந்தோம்.

"இதுல அட்ரஸுக்கு ஒரு லைன்தான் ஈக்கிது," என்றார் நானா. "ரெண்டையும் ஒண்டாக்குங்க."

"எந்த ஒண்டு நானா?"

"அத நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கோங்க. எனக்கு வியாழக்கிழமைக்கு கார்ட் வேணும்."

றலியா ராத்தா முதலில் நிரந்தர முகவரி நிரலை மட்டும் எடுத்து ஒரு மாதிரி அட்டை அடித்துப் பார்த்தார். மேலே ஒரு மாணவியின் படம். பெயர் பக்கத்தில். படத்துக்குக் கீழே முகவரி: மேற்படி.

ராத்தா அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "மேல என்ன ஈக்கிது? இவட மூஞ்சிதான் ஈக்கிது. கடிதம் போட்டா மூக்குல கொண்டு வந்து குடுப்பானா?"

அரைமணி நேரம் சிரித்தோம். பிறகு அவர் ஒரு விதி எழுதினார். கீழ்க் கட்டத்தில் 'மேற்படி' இருந்தால் மேல்கட்டத்து முகவரியை எடு. வேறு ஏதாவது இருந்தால் கீழ்க் கட்டத்து முகவரியையே எடு. நிரந்தரம்தானே பெரிசு என்றார்.

'முகவரி' என்று ஒரு புது நிரல் சேர்த்தார். விதியை ஓடவிட்டார். 350 பேருக்கு மேல்கட்டம் வந்தது. 62 பேருக்குக் கீழ்க் கட்டம். முதல் பத்தைச் சரிபார்த்தோம். ஹட்டன், மாத்தளை, கடுகண்ணாவை. கண்டியில் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகளின் வீட்டு முகவரிகள். எல்லாம் சரி.

பிறகு பழைய இரண்டு நிரல்களையும் நீக்கினார். அந்த ஒற்றை வரி. நீக்கும்போது கணினி திருப்பிக் கேட்பதில்லை.

படிவங்களை நானா எரிக்கச் சொன்னார். ஒவ்வொரு படிவத்திலும் அரசாங்க அடையாள அட்டையின் பிரதி குத்தியிருந்தது. அந்தக் காலத்தில் 412 பேரின் அடையாள அட்டைப் பிரதிகள் ஒரு முஸ்லிம் முதலாளியின் அலுமாரியில் கிடப்பது யாருக்கும் நல்லதில்லை. பின்பக்கத்தில் வைத்து எரித்தோம். மாதக் கடைசியில் தரவுத்தளத்தை சீடியில் எழுதி வைப்போம். எப்போதும் ஒரே சீடி. பழையதன் மேல் புதியது.

5

நான்காம் பகுதியில் ஒரு வாக்கியத்தை இடம் மாற்ற வேண்டும்.

நிரந்தரம்தானே பெரிசு என்று றலியா ராத்தா சொல்லவில்லை. மூன்று பிரதிகளில் அவர் சொன்னதாகவே எழுதி வைத்திருந்தேன். இந்தப் பிரதியிலும் எழுதிவிட்டேன், மேலே பாருங்கள். அழிக்கவில்லை. இருக்கட்டும்.

நடந்தது இது.

"மேற்படிக்காரங்க முடிஞ்ச," என்றார் ராத்தா. "இந்த அறுபத்திரெண்டு பேருக்கும் எதப் போட? நீதானே அடிச்ச. உனக்குத்தான் தெரியும்."

"நிரந்தரத்தையே போடுங்க ராத்தா. அத அவங்க யோசிச்சு எழுதியிருக்காங்க."

"யோசிச்சா?"

"மேற்படின்னு எழுதுறதுக்கு யோசிக்க வேண்டியதில்ல. இவங்க வேற ஊரை எழுதியிருக்காங்க. அத எடுத்துட்டா நல்லா இருக்காது."

"சரி புள்ள. நீ சென்னா சரி."

அவ்வளவுதான். அவர் விதியை எழுதினார். காரணம் என்னுடையது.

என் காரணத்தையும் சொல்லவேண்டும். எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஓர் அறை. அறை தோட்டத்துக்குச் சொந்தம். அப்பா வேலையை விட்டால் அறையையும் விடவேண்டும். எங்களுக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கே ஒருவர் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்புவார். நிரந்தர முகவரி என்ற கட்டத்தை எந்தப் படிவத்தில் கண்டாலும் 'மேற்படி' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். வீடே இல்லாத ஒருவர் அந்தக் கட்டத்தில் மதிலையும் கேற்றையும் எழுதி வைத்திருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அதை அட்டையில் பார்க்க விரும்பினேன்.

ஆட்கள் நிறைந்த அட்டவணையில் ஒரு நிரலைப் புதிதாகச் சேர்ப்பது எளிது. அது வெறுமையாக இருக்கக்கூடாது என்று ஒரு விதியும் இருந்தால்தான் சிக்கல். ஏற்கனவே இருக்கும் அத்தனை நிரைக்கும் பொதுவாக ஒரு மதிப்பைக் கொடுக்காமல் கணினி விடாது. கதையிலும் அப்படித்தான். 'காரணம்' என்ற நிரலைப் பாதியில் சேர்த்தேன். முதல் மூன்று பிரதிகளில் எல்லாருக்கும் பொதுவாக 'அறியாமை' என்று போட்டேன். ராத்தாவுக்கு அறியாமை. நானாவுக்கு அறியாமை. எனக்கும். கதை ஓடியது. பிழையும் காட்டவில்லை.

எனக்குத் தெரிந்திருந்தது என்றும் சொல்ல முடியாது. 62 முகவரிகளையும் நான்தான் அடித்தேன். அவற்றில் பத்தொன்பது வடக்கில் இருந்தன. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு. 2007இல் கண்டியில் ஒருவர் அப்படியொரு முகவரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

6

ஜூன். கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கு அனுப்பிய அதே மாதம்.

மதியம் ஒரு மணிபோல ராஜலிங்கம் அண்ணன் படியேறி வந்தார். கல்லூரிப் பட்டறையின் களஞ்சியக்காரர். எங்கள் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழு கலவரத்தில் குடும்பம் வன்னிக்குப் போய் தருமபுரத்தில் குடியேறியது. அவர் வளர்ந்த பிறகு திரும்பி வந்து பன்விலயிலேயே பெண் எடுத்தார். இரண்டு பிள்ளைகள்.

"தங்கச்சி, விவேகானந்தன் சாரை எறக்கிட்டாங்க."

"எங்கண்ணே?"

"பேராதனை ரோட்டுல. நாங்க வந்த பஸ்ஸைப் பொலிஸ் மறிச்சு எல்லாரையும் எறங்கச் சொன்னாங்க. சாரு ஐடென்டியக் குடுத்தாரு. அது பழசு, முள்ளியவளைன்னு இருக்கு. நான் கண்டியில வேலை செய்றேன்னு காலேஜ் கார்டை நீட்டுனாரு. அதுலயும் முள்ளியவளை."

நானும் ராத்தாவும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"முந்தின கார்டுல கண்டியும் இருந்துச்சே," என்றார் அவர். "அதைக் காட்டித்தான் இத்தனை வருஷம் போய் வந்தாரு. ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு, அப்ப ஒனக்கு கண்டியில என்ன வேலைன்னு கேட்டான். அப்படியே ஜீப்புல ஏத்திட்டாங்க."

"உங்களை விட்டுட்டாங்களா?"

"என் ஐடென்டி பன்வில. காலேஜ் கார்டை நான் எடுக்கவேயில்ல." சட்டைப்பையிலிருந்து எடுத்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அதை வாசிக்கிறார் என்று தெரிந்தது. "தருமபுரம்னு இருக்கு."

"நீங்க எழுதியிருந்தீங்க அண்ணே."

"எழுதினேன். அம்மா அங்கதானே இருக்கு." அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அதுக்காக?"

[அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் நினைவில் இல்லை. ஒன்று எழுதிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. எடுத்துவிட்டேன்.]

தொலைபேசி அடித்தது. கல்லூரி நிர்வாகி. பொலிஸ் நிலையத்தில் விவேகானந்தன் தன் கண்டி முகவரியைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே முகவரியைக் கல்லூரியிடம் தனியாகக் கேட்கிறார்கள். எழுத்தில், நான்கு மணிக்குள். இரண்டும் பொருந்தினால் விடுவார்கள். பொருந்தாவிட்டால் கொழும்புக்கு அனுப்புவார்கள். கல்லூரியில் பதிவு எதுவும் இல்லை. பதிவு எங்களிடம்.

"அட்டவணையில என்ன இருக்கோ அதை நீங்களே நேராக பெக்ஸ் பண்ணிவிடுங்கோ," என்றார். அட்டவணையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

7

றலியா ராத்தா நீக்கிய நிரலைத் திரும்பச் சேர்த்தார். அதற்கும் ஒற்றை வரிதான். முகவரி வெறுமையாக இருக்கக்கூடாது என்பது அட்டை இயந்திரத்தின் விதி. ஏதாவது ஒரு மதிப்புக் கேட்டது. ராத்தா 'கண்டி' என்று கொடுத்தார். 412 நிரையிலும் கண்டி என்று விழுந்தது.

"நிரல் வந்திட்டு," என்றார். "உள்ளுக்கு ஒண்டுமில்ல."

மேலும் கீழும் உருட்டிப் பார்த்தோம். கண்டி, கண்டி, கண்டி.

"நீ அடிச்சதுதானே," என்றார் ராத்தா. "யோசி புள்ள."

யோசித்தேன். கட்டுக்கலை என்பது நிச்சயம். இலக்கம் 17/3. அல்லது 71/3. கையெழுத்து ஞாபகம் வந்தது, இலக்கம் வரவில்லை. விரல்களுக்குத் தெரிந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு விசைப்பலகையில் கையை வைத்தேன். இரண்டையும் அடித்தன.

ராஜலிங்கம் அண்ணன் எழுந்தார். கல்லூரி அட்டையை என் மேசையில் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும். நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்." திரீவீலர் பிடித்துப் போனார். நாற்பது நிமிடத்தில் வந்தார்.

"பதினேழுல ஒரு அம்மா. அப்படி யாரும் இங்க இல்லன்னுச்சு. எழுபத்தொண்ணுல கதவைத் தொறக்காமலே இல்லன்னாங்க."

"ஒரு வீட்டுல பொய் சொல்லியிருக்காங்க."

"ரெண்டு வீட்டுலயும் பயந்திருக்காங்க தங்கச்சி. என்னையும் அவங்களுக்குத் தெரியாதே. யாரோ ஒரு ஆளு வந்து, இங்க ஒரு வடக்குக்காரர் இருக்காரான்னு கேட்டா இந்த மாசத்துல யாரு ஆமாம்பாங்க?"

[வாசகர் இங்கே ஒரு துப்பறியும் வழியை எதிர்பார்க்கலாம். துணிக்கொடியில் ஒரு சட்டை, வாசலில் ஒரு செருப்பு. அப்படி ஏதும் இருந்ததா என்று நானும் கேட்டேன். பார்க்கவில்லை என்றார்.]

8

ஹுஸைன் நானா இரண்டரை மணிக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். உட்காரவில்லை.

"பிழை எங்கட எண்டு எழுதுவம் நானா," என்றார் ராத்தா. "கம்ப்யூட்டர்ல ரெண்டு அட்ரஸ ஒண்டாக்கினம். வூட்டு அட்ரஸுக்குப் பதிலா ஊர் அட்ரஸ் உழுந்திட்டு. அவர்ட பிழை ஒண்டும் இல்ல. அப்படியே எழுதுவம்."

"எத்தன பேருக்கு அப்படி உழுந்த?"

"பத்தொன்பது."

"அந்தப் பத்தொன்பது பேரையும் தாங்க எண்டு கேப்பான். குடுப்பியா?"

ராத்தா திரையில் பட்டியலை மேலே உருட்டினார்.

"ஒருத்தருக்கு மட்டும் எண்டு எழுதினா, அதென்ன ஒருத்தருக்கு மட்டும் எண்டு மெஷினப் பாக்க வருவான். மெஷின்ல பத்தொன்பதும் ஈக்கிது. ஏன் மாத்தின எண்டு கேப்பான். யார் சென்னது எண்டு கேப்பான்."

"நான்தான் நானா," என்றேன்.

"உன்ட பேர நான் இப்ப கேக்கல்ல புள்ள."

ராஜலிங்கம் அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பத்தொன்பதுல நான் எத்தனாவது?"

"பதினாலாவது அண்ணே."

"சாருக்குன்னா என் பேரைப் போடுங்க. நான் சொல்லிட்டேன்." பிறகு, "மத்த பதினேழு பேருக்காக நான் சொல்ல முடியாது," என்றார்.

9

கதை இங்கே பிரிகிறது. எழுதிப் பார்த்த முடிவுகள்:

முதல் முடிவு. 17/3 என்று எழுதி அனுப்புகிறேன். பொருந்துகிறது. மாலையில் விவேகானந்தன் படியேறி வந்து, அட்டையை மாத்தித் தாரும் பிள்ளை என்கிறார். [நான்கு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அவர் வேறு வேறு பகிடி சொன்னார். அதனாலேயே நம்ப முடியவில்லை.]

இரண்டாவது. அதே 17/3. பொருந்தவில்லை. தன் முகவரியைப் பற்றிப் பொய் சொன்னவர் என்று அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதுகிறார்கள். அந்தப் பொய் என்னுடையது. [ஒரே தடவை எழுதினேன்.]

மூன்றாவது. உண்மையை எழுதுகிறோம். பட்டியலையும் சேர்த்து. விவேகானந்தன் வெளியே வருகிறார். மறுநாள் காலை பதினெட்டுப் பேரின் வாசலில்

[முடிக்கவில்லை. பதினெட்டு வாசல்களையும் எழுதவேண்டும். அவற்றில் நான்கு பேரின் முகம்தான் எனக்கு நினைவு. மற்றவர்களை 'மற்றவர்கள்' என்று எழுதவேண்டி வரும்.]

10

மூன்று மணிக்கு நான் இரண்டு தாள்கள் தட்டச்சு செய்தேன்.

முதல் தாளில் மூன்று வரி. இவர் எங்கள் ஆசிரியர். கண்டியில் பதினாறு வருடமாக வசிக்கிறார். முகவரி: இல.          , கட்டுக்கலை, கண்டி. இலக்கத்துக்கு இடம் விட்டிருந்தேன்.

இரண்டாவது தாள் நீளம். நடந்த பிழை, நடந்த மாதம், இரண்டு நிரல்கள், ஒரு விதி, பத்தொன்பது பெயர்கள். விவேகானந்தனின் பெயர் மூன்றாவது.

அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. நானா தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நான் வாறதுக்குள்ள போயிருக்கணும். எதப் போட்ட எண்டு எனக்கு சொல்ல வேணாம்."

ராஜலிங்கம் அண்ணன் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். றலியா ராத்தா தொலைநகல் இயந்திரத்தின் அருகே போய்ப் பொலிஸ் நிலையத்தின் எண்ணை அழுத்தினார்.

ஒரு தாளை நான் கொடுத்தேன். அது போயிற்று.

எந்தத் தாள் என்பதுதான் முடிவு. இலக்கத்தை நிரப்பி முதல் தாளைக் கொடுத்ததாகவே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். போன வருடம் ராத்தாவுடன் தொலைபேசியில் பேசினேன். அவருக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. கதையைப் பற்றிச் சொன்னேன்.

"நீ லிஸ்டத்தானே தந்த," என்றார்.

"இல்ல ராத்தா. சின்னத் தாளை."

"எனக்கு நல்ல ஞாபகம் ஈக்கிது புள்ள. அது நீளத் தாள். மெஷின்ல போகப் போக நான் பேர் பேரா வாசிச்ச."

"நான் 17 எழுதினேன். பேனாவால."

"எழுதின. எழுதினத நான் கண்ட. அத நீ தரல்ல."

நாங்கள் வாக்குவாதப்படவில்லை. பிறகு அவர் பன்வில பக்கம் மழை எப்படி என்று கேட்டார்.

பின்னால் நடந்ததை வைத்து முடிவு கட்டலாம் என்றால் அதுவும் முடியாது. விவேகானந்தனை மூன்றாம் நாள் விட்டார்கள் என்று கேள்வி. கண்டியில் அவரை மறுபடி யாரும் பார்க்கவில்லை. இலக்கம் பொருந்தியதால் விட்டிருக்கலாம், அப்படியென்றால் மூன்று நாள் எதற்கு என்று தெரியவில்லை. பொருந்தாமலும் விட்டிருக்கலாம். கடிதத்தை நம்பி விட்டிருக்கலாம். பட்டியலில் இருந்த இரண்டு மாணவர்கள் அதன் பிறகு வகுப்புக்கு வரவில்லை. அந்த மாதம் பட்டியலில் இல்லாத ஒன்பது பேரும் வரவில்லை. ராஜலிங்கம் அண்ணன் அட்டையை என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். தொடர்ந்து வேலைக்கு வந்தார். வழியில் கண்டால் தலையசைப்பார். அன்றைய தாளைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் யன்னலைப் பார்த்து நின்றதால் அவருக்கும் தெரியாது.

ஆகவே என்னிடம் இரண்டு நிரல்கள் இருக்கின்றன. ஒன்றில் என் நினைவு. மற்றதில் றலியாவின் நினைவு. கதைக்கு ஒரு வரிதான் இடம் இருக்கிறது என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கவேண்டும். எதை வைப்பது என்று ஒரு தடவை என்னிடம் கேட்டார்கள். நான் பதில் சொன்னேன்.

இந்தத் தடவை நீக்கமாட்டேன்.

நேரம் மூன்று ஐம்பத்திரண்டு. இயந்திரம் இணைப்புக் கிடைத்துவிட்ட சத்தம் போடுகிறது. றலியா ராத்தா திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டுகிறார். இரண்டு தாள்களும் உங்கள் முன்னால் இருக்கின்றன. முதல் தாளில் இலக்கத்துக்கு விட்ட இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. பேனா பக்கத்தில் இருக்கிறது.